மேகத்துக்குள் ‘போதும்’ சொல்வது

விமானத்தில் கருவிகளைக் கட்டிக்கொண்டு மேகத்துக்குள் போய்வரும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் எல்லோரும் நாலு வார்த்தைதான் கேட்பார்கள். ஐந்தாவது வார்த்தைக்குள் எழுந்து போய்விடலாம் என்ற தைரியம். நானும் இரண்டு மாதம் தட்டிக்கழித்துப் பார்த்தேன். போன் வருவது நிற்கவில்லை. அதனால் கூனிமேட்டில் என் வீட்டு மாடி அறையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உற்சாகமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நம் தொழிலை எங்கள் தெருவில் யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. பாதி வீட்டு ஆண்கள் துபாயிலும் சவுதியிலும் இருக்கிறார்கள். விமானத்தில் ஏறினால் வேறு நாட்டில் இறங்க வேண்டும், வரும்போது பெட்டி கனமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நானோ சென்னையில் ஏறி நாலு மணி நேரம் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்குகிறவன். “அப்பறம் எதுக்கு பாய் ஏறுனீங்க?” என்று பள்ளிவாசல் எதிரில் கடை வைத்திருப்பவர் ஒருமுறை கேட்டார். காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது, மேகத்தின் உச்சியில் எவ்வளவு பனிக்கட்டி மிதக்கிறது என்று அளக்கப் போகிறோம், அது தெரிந்தால்தான் மழையை ஒழுங்காகக் கணிக்க முடியும் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சக்கரை போட்ட டீயா போடாததா என்று விசாரித்தார்.

கருவியை எப்படிப் பூட்டுவது, குழாயை எப்படிச் சுத்தம் செய்வது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒரு சங்கதியைச் சொல்கிறேன்.

மரக்காணம் உப்பளங்களுக்கு மேலே நாங்கள் பறந்த ஒரு பருவம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகள் எல்லாம் மழைநீரில் மூழ்கிக் கடலும் தரையும் ஒன்றாகக் கிடக்கும். உப்பு மூட்டை அடுக்குகிற கொட்டகை ஒன்று அப்போது காலியாக இருந்தது. அதை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து பலூன் விடுவது என்று ஏற்பாடு. பலூனில் ஒரு சின்னக் கருவி தொங்கும். அது கீழேயிருந்து மேகத்துக்குள் ஏறும். அதே சமயத்தில் நாங்கள் கொஞ்சம் தள்ளி, மேலே, விமானத்தில் அதே மேகத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போவோம். இரண்டு அளவும் பொருந்தினால் நம் கருவி உண்மை சொல்கிறது என்று அர்த்தம்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. அந்த உப்புக்காற்று எங்களைப் படுத்திய பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்கும், கனெக்டர் பச்சை பூக்கும். விமானத்தின் மூக்கில் வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்க ஒரு சென்ஸார் வைத்திருந்தோம். அதன் கம்பி முதல் வாரமே அரிக்கப்பட்டுவிட்டது. நினைத்தால் சரியாகக் காட்டும், நினைத்தால் தாறுமாறாகக் குதிக்கும். மாற்று சென்ஸார் வந்து சேரவில்லை. கோப்பு எந்த மேசையில் தூங்கியதோ, ஆண்டவனுக்கு வெளிச்சம். அந்தத் திரையில் எண் குதித்தால் ‘அது அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் பழகிவிட்டோம்.

எங்கள் கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. விமானப்படையிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மேகத்துக்குள் இருக்கும்போது விமானத்தில் யாராவது ‘போதும்’ என்று சொன்னால் அவர் உடனே திரும்பிவிடுவார். தலைமை விஞ்ஞானி சொன்னாலும் சரி, நேற்றுச் சேர்ந்தவர் சொன்னாலும் சரி. ஏன் என்று வானத்தில் கேட்க மாட்டார், தரையில்தான் பேச்சு. இதற்காகவே, புறப்படும் முன் மைக் வேலை செய்கிறதா என்று சோதிக்கும்போது ‘ஹலோ, ஹலோ’ சொல்ல விட மாட்டார். ஒவ்வொருவரும் ‘போதும்’ என்று சொல்லித்தான் சோதிக்க வேண்டும். வரிசையாக ஆளாளுக்கு அதைச் சொல்வது விருந்தில் இலை முன் உட்கார்ந்திருப்பது போல இருக்கும், சிரிப்பும் வரும். அவர் சிரிக்க மாட்டார். தேவைப்படும்போது நாக்கு புரளாமல் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த அணியில் ஜெசிந்தா இருந்தாள். மரக்காணம் பக்கத்துப் பெண். அம்மா உப்பளத்தில் கூலி வேலை. சர்ச் நடத்திய பள்ளியில் படித்து, உதவித்தொகையில் மேலே படித்து, எங்களிடம் ஒப்பந்த வேலைக்கு வந்தவள். மேகத்தில் இருக்கும் பனிக்கட்டியை உருக்கி எடைபோடுகிற கருவி ஒன்றை அவளே தன் கையால் கட்டியிருந்தாள். அவளுடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. கருவி வேலை செய்கிறது என்று ஒரு நல்ல மேகத்தில் நிரூபித்தால் நிரந்தர வேலைக்கு வழி இருந்தது. நிரூபிக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், கேப்டனுக்கும் தெரியும், எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவருக்கும் தெரியும்.

அந்தப் பருவம் முழுக்க நல்ல மேகம் எங்களுக்கு வசப்படவில்லை. நாங்கள் போனால் மேகம் கலைந்திருக்கும், மேகம் திரண்டு நின்றால் விமானத்தில் ஏதாவது கோளாறு. எங்களுக்கு ஒதுக்கிய பறக்கும் நேரமும் தீர்ந்துகொண்டே வந்து, கடைசியாக ஒரே ஒரு முறை பறக்க மட்டும் மிச்சமிருந்தது.

அன்றைக்கு மேகம் வந்தது. மரக்காணத்துக்குக் கிழக்கே கடல்மேல் எழும்பி, உச்சி பரந்து கரைப்பக்கம் சாய்ந்து நின்றது. மதியத்துக்கு மேல் கிளம்பினோம். முதல் இரண்டு முறை ஓரமாக வெட்டிக்கொண்டு போனதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாவது முறை நடுவாகப் போவது என்று முடிவு. கொட்டகையிலிருந்து பலூனை விட்டுவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பலூனை விட்டால் விட்டதுதான், திருப்பிக் கூப்பிட முடியாது. அது ஏறுகிற நேரத்துக்குள் நாங்கள் மேகத்தைக் கடந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மேகத்தின் உச்சியில் இருக்கும் பனிக்கட்டி ரவையைவிடப் பொடியானது. கேப்டனின் ரேடாருக்கு அது சரியாகத் தெரியாது. அவருக்கு முன்னால் திரை சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தப் பொடி எஞ்சினுக்குள் போய், உருகி, உள்ளே ஆழத்தில் மறுபடி உறைந்தால் எஞ்சின் மூச்சுத்திணறிவிடும். அதனால் ஒரு வரம்பு பேசிவைத்திருந்தோம். பனிக்கட்டியின் அளவு இன்ன எண்ணைத் தாண்டினால் வெளியே வந்துவிட வேண்டும். அந்த எண் ஜெசிந்தாவின் திரையில் மட்டும்தான் தெரியும். புதுக் கருவி என்பதால் மற்றத் திரைகளோடு இன்னும் இணைக்கவில்லை. அவள் என் பக்கத்து சீட்டில்தான் இருந்தாள், ஆனால் அந்தத் திரை என் பக்கம் திரும்பியிருக்காது. நான் கேட்டால் அவள் மைக்கில் சொல்வாள்.

உள்ளே நுழைந்தோம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பெரிய ஆட்டம்கூட இல்லை. நான் நீராவிக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் கண் அந்தக் கெட்டுப்போன வெப்ப சென்ஸாரின் பக்கம் போனது. உறைநிலைக்கு வெகு கீழே இருக்க வேண்டிய எண் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மைக்கை அழுத்தி, “ஐஸ் எவ்ளோம்மா?” என்றேன்.

“நல்லா வருது சார்” என்றாள் ஜெசிந்தா.

மறுபடி சென்ஸாரைப் பார்த்தேன். இன்னும் ஏறியிருந்தது. ஏறி, பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அசையவில்லை.

பூஜ்யம் என்பது பனிக்கட்டி உருகுகிற வெப்பம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வெளியே பொடி அளவுக்கு மீறிப் போனால், அது சென்ஸாரின் வாயில் அடைத்துக்கொண்டு, அங்கேயே உருகத் தொடங்கும். அப்போது அந்த சென்ஸார் காற்றை அளக்காது, தன் வாயில் இருக்கும் பனிக்கட்டியைத்தான் அளக்கும். அது பூஜ்யம் காட்டினால் நாம் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். ஒழுங்கான சென்ஸாராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இதுவோ பருவம் முழுக்கப் பொய் சொன்ன சென்ஸார்.

அந்த நிமிஷம் என் தலைக்குள் பெரிய ஞானம் எதுவும் ஓடவில்லை. பலூன் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். இப்போது திரும்பினால் இதோடு பறக்கும் நேரம் தீர்ந்தது, அந்தப் பெண்ணின் வேலை போனது என்று நினைத்தேன். கேப்டனின் ரேடார் சுத்தமாக இருக்கிறதே, அவருக்குத் தெரியாததா என்றும் நினைத்தேன். இப்படி நினைப்பதற்கு ஆயிரம் இருந்தது. இன்னொரு பக்கம் ஒன்றே ஒன்று உறுத்தியது. கம்பி கெட்டால் எண் குதிக்கும். இது குதிக்கவில்லை, நிதானமாக ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறது. மைக்கை அழுத்தி ‘போதும்’ என்றேன்.

விமானம் சாய்ந்தது. ஜன்னலில் வெள்ளை கிழிந்து கீழே கடல் தெரிந்தது. மரக்காணத்துப் பாத்திகளும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. ஜெசிந்தா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

தரையில் மெக்கானிக்குகள் எஞ்சினுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. மூக்கில் இருந்த சென்ஸார் காய்ந்து கிடந்தது. பனிக்கட்டி இருந்திருந்தாலும் இறங்கும் வழியிலேயே உருகிப் போயிருக்கும். கேப்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “ரேடார் க்ளீனா இருந்துது பாய். இருக்கட்டும். நீங்க சொன்னீங்க, திரும்பிட்டேன்” என்றார். அதற்கு மேல் அவர் என்றைக்கும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாராட்டினாரா, குறைப்பட்டுக்கொண்டாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பருவம் முடிந்ததும் கூட்டம் போட்டார்கள். ஏன் திரும்பினீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். சென்ஸார் பூஜ்யம் காட்டியது என்றேன். அந்த சென்ஸார் முதல் வாரத்திலிருந்தே பழுது என்று நீங்களே எழுதிக்கொடுத்திருக்கிறீர்களே என்றார்கள். ஆமாம் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்கள். ஜெசிந்தா மேசையின் அந்தக் கோடியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஏதோ கேட்டதற்கு, போதிய அளவு பதிவு இல்லை என்று மட்டும் சொன்னாள். அவள் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். அவள் கருவியை ஒரு பெட்டியில் போட்டு மூடினோம். அதன் பதிவைப் பிரித்துப் படிக்க அவளைவிட்டால் ஆளில்லை, படிக்க யாருக்கும் அக்கறையும் இல்லை.

அலுவலகத்தில் எனக்குப் ‘போதும் பாய்’ என்று பெயர் வைத்தார்கள். கேண்டீனில் சாம்பார் ஊற்றும்போது நான் கையைக் காட்டினால்கூடச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் வலித்தது. பெயரைவிட அந்தப் பெண்ணின் வேலைதான் வலித்தது. கெட்டுப்போன ஒரு கம்பியை நம்பி அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டேனா, இல்லை எல்லோரையும் உயிரோடு கொண்டுவந்தேனா? இதில் எது என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. என் மனைவியிடம் சொன்னபோது, வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று, அதற்கு மேல் என்ன கணக்கு என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் கடல்மேல் அதே மாதிரி மேகம் எழும்பும்போது நான் மொட்டைமாடிக்குப் போய் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனேன். நம் வேலையில் உடம்பு களைப்பதைவிட இந்தச் சலிப்புதான் அதிகம் என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஜெசிந்தா வந்தாள். இப்போது வெளியூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாளாம். அம்மாவைப் பார்க்க மரக்காணம் வந்தவள், வழியில் கூனிமேட்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் கேக் பெட்டி. என் மனைவி டீ போட உள்ளே போனாள். நாங்கள் இரண்டு பேரும் கல்லூரி, மழை, புதுச்சேரி சாலையில் கூடிப்போன டிராஃபிக் என்று சுற்றிச் சுற்றிப் பேசினோம். டீ வந்து ஆறியும் போனது. கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன். உன் வேலை என்னால் போனது, அதை நினைக்காத நாளில்லை என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அந்த பூஜ்யம் நெஜம்தான் சார்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“என் ஸ்க்ரீன்ல லிமிட்ட தாண்டி ரொம்ப நேரமாயிடுச்சு சார். நீங்க எவ்ளோன்னு கேட்டப்பவே தாண்டிடுச்சு. நான் நம்பர் சொல்லல. நல்லா வருதுன்னு சொன்னேன்.” கேக் பெட்டியின் கயிற்றை விரலில் சுற்றினாள். “மைக் பட்டன்ல வெரல் வெச்சினுதான் இருந்தேன். அழுத்தல. நீங்க சொல்லிடுவீங்கன்னு பாத்துனு உக்காந்திருந்தேன். நீங்க சொன்னதும் உங்க மேல அவ்ளோ கோவம் வந்துச்சு. அதே நேரத்துல அப்பாடான்னும் இருந்துச்சு. மீட்டிங்ல உங்கள கேள்வி கேட்டாங்களே, அப்பவும் நான் வாய தொறக்கல.”

உள்ளேயிருந்து என் மனைவி இன்னொரு டீ போடட்டுமா என்று கேட்டாள்.

நான் செய்தது சரிதான் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறேன். இதோ, சொல்லக்கூடிய ஒரே ஆள் வந்து சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. அந்த எண்ணைச் சொன்னால் அதோடு தன் வேலை போகும் என்று தெரிந்து, உப்பளத்தில் நின்று நின்று வெடித்துப்போன அம்மாவின் கால்களை நினைத்து, பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை நினைத்தேன். பக்கத்து சீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாமல் போயிற்றே என்றுதான் இருந்தது. அவள் வேலை ஒரு எண்ணில் தொங்கும்போது அந்த எண்ணை அவள் ஒருத்தியின் கையில் விட்டுவைத்தோம். எங்களில் யாருக்கும் அது தப்பென்று உறைக்கவில்லை.

அவள் கிளம்பும்போது வாசல்வரை போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றவள், “நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் சொல்லியிருப்பனா சார்?” என்று கேட்டாள். அதைக் கேட்கத்தான் அவள் மரக்காணத்துக்குப் போகும் வழியில் இறங்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சொல்லியிருப்பாய் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. சாலைக்குப் போய் பஸ்ஸை நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

சொல்லியிருப்பாள் என்று நம்பத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நீங்கள் மேகத்துக்குள் போகும்போது, பக்கத்து சீட்டில் இருப்பவர் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். அவரும் உங்களை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.